மலேரியா இரத்தத்தை ஒளியால் ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேரியா இரத்தத்தை, எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வைத்துப் பார்க்கும் சேலத்து மாணவர்கள் முடிவு குழம்பினால் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள். மாதிரி பல நேரம் வழியிலேயே கெட்டுவிடுகிறது. ஏற்காட்டில் எடுத்த இரத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி, கீழே இறங்கியதும் சேலத்து வெயிலில் வேகிறது. பனிக்கட்டியை ஒட்டி வைத்தாலும் ஆபத்துதான். உறைந்தால் சிவப்பணு உடையும். மையவிலக்கியில் சுழற்றிப் பாருங்கள். மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இல்லாமல் சிவந்திருந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த தவறுதான் பெரியது. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று, மிஞ்சும் ஹீம் என்னும் இரும்புள்ள நச்சுப் பகுதியை ஹீமோசோயின் என்னும் பழுப்புப் படிகமாக்குகிறது. 1880-இல் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லாவரனின் கண்ணில் பட்ட நிறமி இதுவே. இதன் உறிஞ்சல் பட்டை 650 நானோமீட்டரை ஒட்டி அகலமாகக் கிடக்கிறது. நோயே இல்லாத இரத்தம் பழசானாலும் ஹீமோகுளோபினின் ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவமான மெத்ஹீமோகுளோபின் உருவாகி 630-இல் ஒரு மேடு எழும். அதைக் கண்டதும் ஒட்டுண்ணி சிக்கிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். நோயற்றவரின் இரத்தத்தையும் அதே பெட்டியில், அதே நேரம் வைத்திருந்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத அறிக்கையை நான் படிப்பதே இல்லை.

முழு அணுக்களைப் பார்க்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் நீர்க்கச் செய்யாதீர்கள், அணுக்கள் வெடித்துவிடும், 0.9 சதவீத உப்புக் கரைசல் போதும். நீர்ப்பு குறைந்தால் ஹீமோகுளோபினின் 415 நானோமீட்டர் உச்சி தட்டையாகிவிடும்.

மேடு தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணி வகையின் இளம் வளைய நிலையில் ஹீமோசோயின் மிகக் குறைவு. முதிர்ந்த ஒட்டுண்ணியுள்ள அணுக்களோ நுண்குழல் சுவர்களில் ஒட்டிக்கொள்வதால் விரல் நுனி இரத்தத்தில் அதிகம் வருவதில்லை. அதோடு, நூறு அணுக்களில் ஒன்றிரண்டு மட்டுமே பாதிக்கப்பட்டிருந்தால் மற்றவற்றின் ஹீமோகுளோபின் அந்தச் சிறு குறியை அமுக்கிவிடும்.

அதனால்தான் லேசர் ஒளி சிதறும் விதத்தை அளக்கும் ராமன் நுண்ணோக்கியில் ஒவ்வோர் அணுவாகப் பார்க்கிறார்கள். அங்கேயும் லேசரின் திறனைக் கூட்டினால் நல்ல அணுவின் ஹீமோகுளோபினே வெந்து திரண்டு, ஹீமோசோயினை ஒத்த உச்சிகளைக் காட்டும். சாயம் ஏற்றிய வில்லையை லேசரின் கீழ் வைக்கவே கூடாது. சாயத்தின் ஒளிர்வு மற்றதையெல்லாம் மூழ்கடித்துவிடும். ஒரே துளியில் இரண்டு பூச்சு எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணுவதற்கான ஒன்றுக்கு மட்டும் கீம்சா சாயம் ஏற்றுங்கள்.