எந்த ராமாயணம்?

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடிச் சிறுகதை படிக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள், இருபது வருடத்துக்கு முன் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். கதையில் வரும் புராணப் பெயர் தெரியாமல் விழிப்பதைச் சொல்லவில்லை; அது பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் தீர்ந்துவிடும். புராணத்தைத் தொடும் கதைகளைப் படிக்கும்போது செய்யும் மூன்று தவறுகளைச் சொல்கிறேன்.

ஒரே கதைதான் உண்டு என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சென்ற மாதம் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) எடுத்தோம். கணவர் கௌதம முனிவரின் சாபம் நீங்கிய அகலிகை, சீதை தீக்குளித்ததைச் சீதையிடமே கேட்டு உடைந்துபோய், கடைசியில் மறுபடி கல்லாகிறாள். ஒரு மாணவி ஓரத்தில் பென்சிலால் ‘மூலத்தில் இல்லை, பிழை’ என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிக்க வாயில்லை. புதுமைப்பித்தனுக்கு ராமாயணமே தெரியாது என்று கல்லூரி மலரில் நாலு பக்கம் எழுதியவன் நான். ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகம் விற்ற பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “எந்த ராமாயணம், தம்பி?”

வால்மீகியில் அகலிகை கல்லாவதே இல்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறாள். கம்பனில் அவள் கல்; ராமனின் பாதத்தூள் பட்டு எழுகிறாள். கம்பனுக்கும் முந்தைய பரிபாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியத்தைப் பார்ப்பவர்கள் ‘இந்திரன் இந்தப் பூனை, இவள் அகலிகை, கௌதமன் சினத்தால் கல்லானாள்’ என்று காட்டிப் பேசுகிறார்கள். நான் ‘மூலம்’ என்று மார்தட்டியதோ பள்ளிக்கூடத் துணைப்பாடத்தின் சுருக்கம்! ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று புதுமைப்பித்தன் கதையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

பழைய கதையை விட்டுப் புதியது எங்கே விலகுகிறதோ அங்கே நில்லுங்கள். கல்லைப் பெண்ணாக்கியவன் செய்த காரியமே அவளைத் திரும்பக் கல்லை நோக்கித் தள்ளுகிறது. ‘பிழை’ என்று எழுதி மூடிய புத்தகத்தில் இது கண்ணில் படாது.

எல்லாவற்றிலும் புராணம் தேடுவது

கதையில் ‘முற்றத்தில் அணில் ஓடியது’ என்று வந்தால், அணில்தான்.

ஏட்டில் இல்லாததைத் தள்ளுவது

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை. முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். பூணூலை அறுத்தெறிந்து, பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் செருப்புத் தொழிலில் இறங்கிய முத்துப்பட்டன் கதை தெரியாதவருக்கு, ஒரு கவிதையில் கோவில் மரத்தில் தொங்கும் செருப்பு வெறும் தோல். அடுத்த கோவில் கொடை விழாவில், இப்படிப்பட்ட கதைகளைப் பாடும் வில்லுப்பாட்டு நடக்கும்போது பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.