குழந்தையின் பாதத்தில் திசுமடல் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியின் முன் புதிதாக அமரும் இளம் மருத்துவர்கள், நான் முன்பு செய்த பிழையை, நான் கொண்டிருந்த அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். திசுமடல் என்பது உடலின் வேறிடத்திலிருந்து ரத்தக்குழாயோடு எடுத்து, காயத்தின் மேல் வைத்து, அங்குள்ள ரத்தக்குழாயோடு இணைக்கும் திசு. பாடநூலில் உள்ளவற்றைத் தொடவில்லை.

அடிபட்ட இடத்திலேயே ரத்தக்குழாயை இணைப்பது

லாரிச் சக்கரம் ஏறிப் புறங்கால் தோல் முழுவதும் உரிந்து, தசைநாண்கள் வெளியே தெரிய வந்தான் ஒரு ஏழு வயதுச் சிறுவன். தொடையின் வெளிப்புறத்திலிருந்து எடுத்த மடலை, காயத்தின் விளிம்பில் துடித்துக்கொண்டிருந்த தமனியோடு 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலால் இணைத்தேன். காயத்தை விட்டுக் காலில் மேலே போனால் இன்னொரு மணி நேரம் ஆகும், மடலின் காம்பு, அதாவது அதன் ரத்தக்குழாய், எட்டாமல் இடையில் சிரைத் துண்டு ஒட்டவும் தேவைப்படும் என்பதே என் கணக்கு. கவ்வியை எடுத்ததும் மடல் சிவந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வெளுத்துக் கிடந்தது, ஊசியால் குத்தினால் ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை. மறுபடி திறந்து இணைத்தும் பயனில்லை. மறு தொடையையும் அறுக்க வேண்டியதாயிற்று.

நசுங்கிய தமனி வெளியே துடித்தாலும், உட்சுவர் கிழிந்திருந்தால் அங்கேதான் உறைகட்டி பிடிக்கும். மேலுறையில் சிவப்புத் திட்டுகள், சுற்றுத்திசு இறுகிப் பிரிய மறுப்பது, வெட்டுமுனையில் உட்படலம் வெங்காயத் தோல்போல் விலகி நிற்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேலே செல்லுங்கள். வெட்டிய தமனி பீறிட வேண்டும். கசிந்தால் அது உதவாது. கெண்டைக்காலின் உட்புறம் ஓடும் பின்தமனியை (posterior tibial) தேடி, அதன் பக்கவாட்டில் இணைத்தால் பாதத்துக்குப் போகும் ரத்தமும் குறையாது.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது, மடல் போனதும் "குழந்தையின் குழாய் சிறியது, சுருங்கிவிட்டது" என்று சொல்லப்படும் சமாதானம். கொழுப்புப் படியாத நல்ல குழாய்கள் அவை. வெறும் சுருக்கமென்றால் வெதுவெதுப்பான உப்புநீரும் குழாயைத் தளர்த்தும் பாப்பாவெரின் மருந்தும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அதைத் தளர்த்திவிடும். அப்படித் தளராத குழாயில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாள் கடத்துவது

லியூப்ளியானாவின் மார்கோ கோடினா சிகிச்சையளித்த 532 பேரின் விவரம் 1986இல் வெளிவந்தது: 72 மணி நேரத்துக்குள் வைத்த மடல்களில் தோற்றவை 1 விழுக்காட்டுக்கும் குறைவு, அதன்பின் மூன்று மாதங்களுக்குள் வைத்தவற்றில் 12 விழுக்காடு.

மடலை மாவுக்கட்டுக்குள் மறைப்பது

மடல் கண்ணுக்குத் தெரிய, கட்டில் சன்னல் வெட்டுங்கள்.

வலியில் அழவிடுவது

வலியும் குளிரும் குழாயைச் சுருக்கும்.

மடலின் தடிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது

பள்ளி ஷூ நுழையாமல் போகலாம் என்பதையும், சில மாதங்கள் கழித்துக் கொழுப்பைக் குறைக்க இன்னோர் அறுவை தேவைப்படலாம் என்பதையும் ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.