செயற்கைச் சவ்வில் பூச்சி நரம்பு ஏற்பி: முதல் முறை செய்பவர்களுக்கு

மேலூர், சோழவந்தான் பக்கம் நெல் போடுபவர்கள் பலருக்கும் இமிடாகுளோப்ரிட் தெரிந்த பெயர். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு அடிக்கும் இந்த மருந்து, பூச்சியின் நரம்பில் உள்ள நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பியே ஓர் அயனிக் கால்வாய்: அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்து ஒட்டியதும் திறந்து, அயனிகளைச் சவ்வு வழியே விடும் புரதம். ஆய்வகத்தில் மருந்து கொடுத்துத் தேர்ந்தெடுத்த புகையான் கூட்டம் ஒன்றில், ஏற்பியின் 151ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் செரின் வந்ததுமே மருந்து ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று 2005இல் வெளியிட்டார்கள். ஒரே ஓர் அமினோ அமிலம்! அதனால்தான் இந்த ஏற்பியைத் தனியாக எடுத்துப் பார்க்கும் முறையை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வெட்டுக்கிளியின் ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பொருத்தி, ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை ஹாங்கே, பிரெயர் என்ற ஆய்வாளர்கள் 1986இலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

மேசை, கூண்டு, வெள்ளிக் கம்பி

நாம் அளக்கப்போவது ஒன்றிரண்டு பிகோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. பக்கத்தில் ஒருவர் நடந்தாலே திரையில் தெரியும். மேலூர் கிரானைட் பட்டறையில் ஒரு கனமான பலகை வாங்கி, பாதி காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப்கள் மேல் வையுங்கள். விலை உயர்ந்த அதிர்வு மேசைக்குக் காத்திருக்க வேண்டாம். சுற்றிலும் உலோக வலைக் கூண்டு. எர்த் ஒரே இடத்தில் மட்டும், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில். மின்விசிறியை நிறுத்துங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு எடுக்கவே வேண்டாம்.

மின்முனைக்கு வெள்ளிக் கம்பியை மதுரை தெற்காவணி மூல வீதியில் வாங்கலாம். கொலுசு செய்யும் வெள்ளி உதவாது, அதில் செம்பு கலந்திருக்கும். மின்னழுத்தம் நிலையாக நிற்காது. சுத்த வெள்ளி என்று கேட்டு வாங்கி, நைஸ் எமரித் தாளில் தேய்த்து, ஊதா கலந்த சாம்பல் நிறம் வரும்வரை பிளீச்சிங் திரவத்தில் ஊறவிடுங்கள். இரண்டு கம்பியையும் ஒரே உப்புக்கரைசலில் வைத்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது.

லிப்பிட்

சவ்வாகப் பரவப்போகும் கொழுப்புப் பொருள்தான் லிப்பிட். என் தேர்வு டைஃபைட்டனாயில் பி.சி. (ஃபாஸ்ஃபாட்டிடைல்கோலின்). சோயா லிப்பிட் மலிவுதான், ஆனால் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். மதுரை மே மாத வெயிலில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லிப்பிட் கரைந்திருக்கும் குளோரோஃபார்மை நைட்ரஜன் வாயு ஊதி ஓட்டிவிட்டு, டெக்கேன் என்ற கரைப்பானில் மில்லிக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கரையுங்கள்.

சவ்வு போடுவது

இரண்டு அறை, நடுவில் 200 மைக்ரோமீட்டர் துளை. துளை போட்ட கப்பைத் தயாராகவே வாங்கிவிடுங்கள். நாமே போட்டால் விளிம்பு பிசிறடிக்கும். துளையைச் சுற்றி லிப்பிட்டை லேசாகத் தடவிக் காயவிட்டு, இரு பக்கமும் கரைசல் ஊற்றி, மெல்லிய தூரிகையால் துளையின் மேல் ஒரு இழுப்பு. மின்தடை சட்டென்று ஜிகா ஓமுக்கு ஏறும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள், நானும் வெகுநாள் நின்றேன். ஜிகா ஓம் வந்துவிட்டால் சவ்வு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு காற்றுக்குமிழி துளையை அடைத்தாலும் ஜிகா ஓம்தான், லிப்பிட் கட்டியாக உட்கார்ந்தாலும் ஜிகா ஓம்தான். உண்மையைச் சொல்வது மின்தேக்கம், அதாவது சவ்வு மின்னேற்றத்தைத் தேக்கும் திறன். சவ்வு மெலிந்தால் அது கூடும்.

முக்கோண அலை மின்னழுத்தம் கொடுங்கள். மின்னோட்டம் சதுர அலையாக வரும். நடுக்கோட்டிலிருந்து அதன் உயரத்தை, மின்னழுத்தம் ஏறும் வேகத்தால் வகுத்தால் மின்தேக்கம் கிடைத்துவிடும். டெக்கேன் கலந்த சவ்வுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.4 மைக்ரோஃபாரட். நம் துளை முழுவதும் சவ்வு என்றால் 125 பிகோஃபாரட் வர வேண்டும். விளிம்பில் லிப்பிட் வளையம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 80, 100 என்று வந்தால் சந்தோஷப்படலாம். 20, 30இலேயே நின்றால் இன்னும் தடிப்பாக இருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுங்கள். சவ்வு மெலிய மெலிய சதுர அலை கண்ணெதிரே உயரும். உயராவிட்டால் சுத்தமான தூரிகையால் மறுபடி ஒரு இழுப்பு. கடைசிச் சோதனை: மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் உடைத்துப் பாருங்கள். நல்ல சவ்வு சில நூறு மில்லிவோல்ட்டில் உடையும். அடைப்பு உடையாது.

அப்புறம் வெறும் சவ்வை 100 மில்லிவோல்ட்டில் நீண்ட நேரம் பதிவு செய்யுங்கள். கோடு அமைதியாக இருக்க வேண்டும். புரதமே இல்லாத சவ்வில்கூட, டிடர்ஜென்ட் ஒட்டியிருந்தால், கால்வாய் திறந்து மூடுவது போலவே படிகள் வரும். அமைதியான கோடு கையில் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால், தானே கால்வாய் அமைக்கும் கிராமிசிடினை மிகச் சிறிய அளவில் விட்டு, சுத்தமான படிகள் வருகின்றனவா என்று அமைப்பைச் சோதிக்கலாம்.

ஏற்பியைச் சேர்ப்பது

ஆய்வகத்தில் வளர்த்த அமெரிக்கக் கரப்பான் போதும். வீட்டில் பிடித்தது வேண்டாம், அது என்னென்ன ஸ்பிரே பார்த்ததோ தெரியாது. வயிற்றுப் பகுதி நரம்புத் தண்டை எடுத்து, பனிக்கட்டி மேல் வைத்து, புரதச் சிதைவுத் தடுப்பான் சேர்த்து அரைத்து, மையவிலக்கில் சவ்வுத் துணுக்குகளைப் பிரித்தெடுங்கள். அவற்றிலிருந்து கிடைக்கும் நுண்குமிழிகளை ஒரு பக்கம் விட்டு, அந்தப் பக்கத்தில் உப்புச் செறிவைக் கூட்டினால் அவை சவ்வோடு இணையும். இரு பக்கமும் குளோரைடு அளவு வேறுபடும்போது மின்முனைகளை அகார் உப்புப் பாலம் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

கால்வாயைத் தூண்ட அசிட்டைல்கோலின் வேண்டாம், கார்பகோல் பயன்படுத்துங்கள். நரம்புச் சவ்வில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியும் கூடவே வந்திருக்கும், விட்ட அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடும். அளவு கூடினால் ஏற்பி உணர்விழந்து மூடிக்கொள்ளும், ஆகவே குறைந்த அளவில் தொடங்குங்கள்.

50 மில்லிவோல்ட்டில் 2 பிகோ ஆம்பியர் படி வந்தால் கடத்துத்திறன் 40 பிகோசீமென்ஸ். ஆனால் அந்தப் படி நம் ஏற்பியுடையதுதானா? தூண்டி (இங்கே கார்பகோல்) இல்லாதபோது வரக் கூடாது, தூண்டி விட்டதும் வர வேண்டும், ஆல்ஃபா பங்காரோடாக்சின் விட்டால் நிற்க வேண்டும். இந்த நச்சு, கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றிலிருந்து வருவது. பூச்சியின் எல்லா நிக்கோட்டினிக் ஏற்பிகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே நிற்காவிட்டால் உடனே தூக்கி எறியாமல், தூண்டிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் அதிகம் கேட்டது: “கார்பகோல் விட்டும் ஒன்றும் வரவில்லையே?” இரண்டு காரணம் பார்த்தேன். ஒன்று, ஏற்பி தலைகீழாகப் பொருந்தியிருக்கும். குமிழி விட்ட பக்கம் பலன் இல்லை என்றால் எதிர்ப்பக்கமும் தூண்டியை விட்டுப் பாருங்கள். இன்னொன்று, குமிழி இணையவே இல்லை. இதற்கு நிஸ்டாட்டினும் எர்கோஸ்டெராலும் சேர்த்துக் குமிழி செய்யும் முறை நல்லது. எர்கோஸ்டெரால் கூட இருக்கும்வரைதான் நிஸ்டாட்டின் சவ்வில் துளை போடும். ஒவ்வொரு குமிழி இணையும்போதும் மின்னோட்டம் சட்டென்று எகிறி, எர்கோஸ்டெரால் சவ்வில் பரவியதும் இறங்கிவிடும். அந்த எகிறலை ஏற்பியின் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இறங்கி முடிந்த பிறகு கார்பகோல் விடுங்கள்.