பிலிம் டெவலப்பர்களை ஒப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பு வெள்ளை பிலிம் டெவலப்பர்களை, அதாவது பிலிமில் பதிந்த படத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் கரைசல்களை, ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் ஒரு சுருளை இரண்டாக வெட்டி, இரண்டு கரைசல்களிலும் ஒரே வெப்பநிலையில் ஒரே நேரம் ஊறவைத்து, கிடைக்கும் நெகட்டிவ்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். இது அடிப்படையிலேயே தவறு. வேகமாக வேலை செய்யும் கரைசலில் கான்ட்ராஸ்ட் கூடிவிடும். அது கூடினால் படத்தை உருவாக்கும் வெள்ளித் துகளும் பருத்துத் தெரியும், விளிம்புகளும் கூர்மையாகத் தோன்றும். இரண்டு நெகட்டிவ்களும் ஒரே தரத் தாளில் ஒத்த சாயலுடன் அச்சாகும்வரை ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே திருத்திய பிறகு தெரிகிற வேறுபாடுதான் வேதியியலுக்கு உரியது.

அடுத்த தவறு, செய்முறையில் அதிகமாக இருக்கும் பொருளே அதிகம் உழைக்கிறது என்று எண்ணுவது. கோடக்கின் டி-76 என்ற டெவலப்பரில் லிட்டருக்கு, படத்தை வெளிக்கொணரும் பொருள்களான மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். போராக்ஸ் மென்மையான காரம். அந்தக் காரநிலையில் ஹைட்ரோகுவினோன் தனியாக, பிலிமின் ஒளியுணர் பொருளான சில்வர் ஹாலைடை வெள்ளியாக ஒடுக்குவது மிகக் குறைவு. ஹைட்ரோகுவினோனை நீக்கி, மெட்டாலை 2.5 கிராமாக உயர்த்திய டி-76எச் ஏறத்தாழ அதே விளைவைத் தருவதே இதற்குச் சான்று. ஹைட்ரோகுவினோன் இருப்பதால் வேறொரு சிக்கலும் உண்டு: கலந்து வைத்த டி-76இல் அது மெல்ல ஆக்சிஜனேற்றமடையும்போது கரைசலின் காரத்தன்மையும், அதனுடன் வேகமும் ஏறிவிடும். ஆகவே பாதி காலியான பழைய புட்டியைப் புதிதாகக் கலந்த இன்னொன்றுடன் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சல்பைட்டை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வெறும் பாதுகாப்புப் பொருளாகக் கருதுவதும் தவறே. 100 கிராம் அளவில் அது சில்வர் ஹாலைடைச் சற்றே கரைத்துத் துகளின் விளிம்பை மழுக்குகிறது. டி-76ஐ 1+1 என (ஒரு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு நீர்) நீர்த்தால் சல்பைட் 50 கிராமாகக் குறைந்து, கூர்மை கூடுகிறது. என் கணக்கில் இவ்விரண்டும் வெவ்வேறு டெவலப்பர்கள். 1891 முதல் புழங்கும், பாரா-அமினோபீனால் சார்ந்த டெவலப்பரான ரோடினாலை 1+50 என நீர்த்தால் சல்பைட் மிகச் சொற்பமாகிவிடும். அதன் துகள் துலக்கமாகத் தெரிவதற்குப் பாரா-அமினோபீனாலை மட்டும் காரணமாக்க முடியாது.

சொந்தமாகக் கலப்பவர்கள் சல்பைட்டின் வகையையும் கவனிக்க வேண்டும். ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகமென்றால் நீரற்ற 100 கிராமுக்கு ஈடாக 200 கிராம் தேவை. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும். சல்பைட் முழுவதையும் கரைத்த பின் போட்டால் அது சரியாகக் கரையாது, எவ்வளவு கலக்கினாலும் வெண்பொடியாகச் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு சிட்டிகை சல்பைட்டை மட்டும் முன்னதாகச் சேர்ப்பது மெட்டாலை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும்.

நிறத்தை நம்பியதால் நானே ஒரு சுருளை இழந்திருக்கிறேன். ரோடினால் அடர்பழுப்பாக மாறிய பின்னும் நன்றாக வேலை செய்யும். ஆஸ்கார்பேட் சார்ந்த கரைசலோ தண்ணீர்போல் தெளிவாக இருந்தபடியே செயலிழந்துவிடும். அன்று தொட்டியிலிருந்து வெளியே வந்த பிலிமில், தயாரிப்பிலேயே பதிக்கப்படும் ஓர எண்கள்கூட இல்லை. இப்போதெல்லாம் ஒப்பீட்டுக்கு முன் பிலிமின் முனைத் துண்டை வெளிச்சத்திலேயே ஒவ்வொரு கரைசலிலும் அமிழ்த்துகிறேன். சில நிமிடங்களில் அது நன்கு கறுத்தால்தான் சுருளைத் தொடுகிறேன்.