மண் ஓவல் பந்தயக் காரில் எஞ்சினை எங்கே உட்கார வைப்பது

அமெரிக்காவில் இடப்பக்கமே திரும்பி ஓடும் மண் ஓவல் (நீள்வட்ட) தடங்களில், லேட் மாடல், மாடிஃபைட் என்ற வகுப்புக் கார்களில் கனத்த ஒற்றைப் பொருள் எஞ்சின்தான். அதனால் கையாளுதல் சரியில்லை என்றதும் பலரும் எஞ்சினை நகர்த்தக் கிளம்புகிறார்கள். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின், பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கியர்பாக்ஸ் சேர்த்து 520 பவுண்டு, டிரைவரோடு காரின் எடை 2,300 பவுண்டு, சக்கர இடைவெளி 104 அங்குலம் என்று வையுங்கள். எஞ்சினை 1 அங்குலம் பின்னால் தள்ளினால் 520-ஐ 104-ஆல் வகுத்த அளவு, அதாவது 5 பவுண்டு பின் சக்கரங்களுக்குப் போகும். மொத்த எடையில் அது 0.2 சதவீதம்தான். இடப்பக்கம் 1 அங்குலம் நகர்த்தினால், இடது வலது சக்கர மையங்களுக்கு இடையே 65 அங்குலம் என்ற கணக்கில், 8 பவுண்டு இடப்பக்கம் சேரும். ஆனால் எடையைச் சரிக்கட்டக் காரில் பூட்டும் 50 பவுண்டு ஈயக்கட்டியை 40 அங்குலம் பின்னால் மாற்றினாலே 19 பவுண்டு பின்னால் போய்விடும். வேலை பத்து நிமிடம்.

பிறகு எஞ்சினை ஏன் தொட வேண்டும்? தராசு காட்டாத ஒன்று இருக்கிறது. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் ஈயம் பின் எடையைக் கூட்டும். கூடவே கார் திரும்பத் தொடங்குவதையும், திரும்பியது நிற்பதையும் தாமதப்படுத்தும். திருப்பத்தின் நுழைவில் வால் வீசினால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். எஞ்சினைப் பின்னால் தள்ளும்போது எடை காரின் நடுவை நோக்கி வருகிறது. ஈயத்தால் கிடைக்கும் அதே பின் சதவீதம்தான், ஆனால் ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று பணியும் கார் கிடைக்கும். எனவே சேஸிஸ் கட்டும்போதே எஞ்சின் இடத்தை முடிவு செய்யுங்கள். வாராந்திரச் சரிக்கட்டலை ஈயத்துக்கு விடுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் விதிப்புத்தகம். ஐஎம்சிஏ (அமெரிக்கப் பந்தய அமைப்பு) மாடிஃபைடில் எஞ்சின் பிளாக்கின் பின்முகம் பின் ஆக்ஸில் மையத்திலிருந்து குறைந்தது 72 அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். கிராங்க்ஷாஃப்ட்டின் முன்மையம் தரையிலிருந்து 11 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வேறு வகுப்புகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டின் மையத்திலிருந்து முதல் ஸ்பார்க் பிளக் வரை அளப்பார்கள். ஸ்மால் பிளாக் ஷெவி (செவ்ரலே) எஞ்சினில் இடது சிலிண்டர் வரிசை சற்று முன்னால் இருக்கும், ஃபோர்டில் வலது வரிசை. எந்தப் பிளக்கிலிருந்து அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது தரை மட்டமாக இருக்க வேண்டும், டயர் காற்று பந்தய அளவில், டிரைவர் சீட்டில். பால் ஜாயின்ட்டிலிருந்தும் பிளக்கிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, இரண்டு குறிக்கும் இடையே அளவெடுங்கள். நான்கு சக்கர எடைகளையும் எழுதிவைத்த பிறகே மவுண்ட்டைத் தளர்த்துங்கள். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தாங்கி நகர்த்தி, எஞ்சினைத் தாங்கும் முன் தகட்டையும் நடுத்தகட்டையும் பிடிக்கும் பிராக்கெட்டுகளைப் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். முழு வெல்டு கடைசியில்.

பெரும்பாலும் கெடுவது டிரைவ் ஷாஃப்ட். எஞ்சின் பின்னால் வந்தால் ஷாஃப்ட் குட்டையாக வேண்டும், அதன் சாய்வும் கூடும். கிராங்க் கோடும் பினியன் (பின் ஆக்ஸிலின் உள்வாங்கும் பற்சக்கரம்) கோடும் இணையாக இருக்கட்டும். ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணமும் 3 டிகிரிக்குள். கோணமே இல்லாவிட்டாலும் ஆபத்து: ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். எஞ்சினை இடப்பக்கம் தள்ளியவர்கள் மேலிருந்து பார்த்தும் கோணத்தைச் சோதியுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் வழுக்கி அசையும் ஷாஃப்ட் முனை) முழுதாக உள்ளே போனாலும் இன்னும் முக்கால் முதல் 1 அங்குலம் வரை இடம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் அசையும்போது கியர்பாக்ஸின் பின்பகுதி உடையும். ஹெடர் (புகைக்குழாய்) ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் உரசுகிறதா, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் முழுதும் மூடுகிறதா என்றும் பாருங்கள்.

தடம் ஈரமாக, பிடிப்போடு இருந்தால் தாழ்ந்த எஞ்சினும் கூடுதல் இட எடையும் நல்லது. காய்ந்து வழுக்கத் தொடங்கிய தடத்தில் அதே கார் சாயாமல் தடத்தின் வெளிப்புறமாக மேலே சறுக்கும். அங்கே 1 அங்குலம் உயர்ந்த எஞ்சின் வலது டயர்களைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்கும். ஆனால் ஹீட்டுக்கும் (தகுதிப் பந்தயம்) ஃபீச்சருக்கும் (முக்கியப் பந்தயம்) இடையே எஞ்சினை யாரும் தூக்கப் போவதில்லை. உங்கள் தடம் பெரும்பாலான இரவுகளில் எப்படி முடிகிறதோ அதற்கு ஏற்ற உயரத்தை வையுங்கள். பின் எடையை அளவுக்கு மீறி ஏற்றினால் நுழைவில் வால் வீசும், வெளியேறும்போது முன்சக்கரம் இலேசாகி நேராக ஓடும். டிரைவர் இரண்டையும் ஒரே சுற்றில் சொன்னால் வேறெங்கும் தேடாமல் முதலில் பின் எடையைக் குறையுங்கள்.

நகர்த்தி முடிந்ததும் மறுபடி தராசில் ஏற்றி, இடது பின் சக்கரத்துக்கும் வலது பின் சக்கரத்துக்கும் உள்ள எடை வித்தியாசத்தை பழைய எண்ணுக்கே கொண்டுவாருங்கள். அது மாறியிருந்தால், தடத்தில் நீங்கள் உணர்வது எஞ்சினின் வேலையா ஸ்பிரிங்கின் வேலையா என்று பிரிக்க முடியாது. முதல் ஹீட் முடிந்ததும் மவுண்ட் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிதாக வைத்த ஸ்பேசர் அமுங்கி போல்ட் தளர்வது சாதாரணம்.