தாய் சி, சிகோங்: நிற்பதிலும் அடி வைப்பதிலும் நடக்கும் தவறுகள்

சீனாவிலிருந்து வந்த மெதுவான அசைவுப் பயிற்சியான தாய் சியைப் பழகுகிற ஒருவரைப் பார்க்கும்போது நம் கண் அவருடைய கையில்தான் போய் நிற்கும். பழக வருகிறவர்களும் அந்தக் கையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் கை வந்துவிடும், கால் வராது. சமநிலை வேண்டும், கூன் நிமிர வேண்டும் என்று தொடங்கியவர்களுக்கு இதுதான் முதல் தவறு. சமநிலை உருவாகிற இடம் கால். உடம்பின் எடை ஒரு காலை விட்டு மற்றக் காலுக்குப் போய்ச் சேருகிற அந்தச் சில நொடிகளில்தான் முழுப் பயிற்சியும் இருக்கிறது. நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி அந்த நொடிகளை அவசரமாகத் தாண்டுவதால் வருகிறவை.

யாங்கோன் நகரத்துக்குள் வாழ்கிற நமக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. அனோரதா சாலை, மகாபந்துலா சாலைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் ஐந்தாவது, ஆறாவது மாடிக்குக்கூட லிஃப்ட் இருக்காது. படி செங்குத்தாக, குறுகலாக இருக்கும். கரண்ட் போனால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. கீழே வந்தால் சாக்கடைமேல் போட்ட சிமெண்டுப் பலகை ஆடும். மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரைக்கும் நடைபாதையில் பாசி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுந்து ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் அறுபது வயது தாண்டியவர்களே அதிகம்.

தாய் சி இதைத் தடுக்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன, விழும் ஆபத்து அதிகமுள்ள 670 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-இல் வெளியானது. வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சி பழகியவர்கள் விழுந்த தடவைகள் 58 சதவீதம் குறைந்தன. நடை, தசை பலம், சமநிலை எல்லாம் கலந்த பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவுதான். அங்கே அடிப்படையாகச் சொல்லிக்கொடுத்தது எட்டே அசைவுகள். இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

நாம் விழாமல் நிற்க உடம்பு மூன்று இடத்திலிருந்து செய்தி வாங்குகிறது: கண், உள்காது, அப்புறம் உள்ளங்காலும் மூட்டுகளும். வயது ஏற ஏற மூன்றும் மங்கும். அப்போது பலர் தங்களுக்குத் தெரியாமலே கண்ணை மட்டும் நம்பத் தொடங்குகிறார்கள், தரையைப் பார்த்தே நடக்கிறார்கள். மெதுவாக எடை மாற்றுகிற பயிற்சி உள்ளங்காலின் உணர்வை மறுபடி கூர்மையாக்குகிறது. மெதுவாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான், அழகுக்காக இல்லை.

அடி வைப்பதில்

பெரும்பாலோர் போகிற காலைத் தூக்கும்போதே உடம்பையும் சேர்த்து முன்னால் விழவிடுகிறார்கள். கால் தரையில் பட்டதும் பிடித்துக்கொள்கிறார்கள். தெருவில் எல்லோரும் நடப்பது ஏறக்குறைய இப்படித்தான், வேகத்தில் தெரிவதில்லை. தாய் சியில் மெதுவாகச் செய்யும்போது கால் 'தொப்'பென்று விழுவதில் அது வெளிப்படும்.

முதலில் எடை முழுவதும் நிற்கிற காலுக்குப் போகட்டும். இடுப்பு அந்தக் குதிகாலுக்கு நேர் மேலே வந்து அமரட்டும். அப்புறம்தான் மற்றக் கால் தரையை விட்டு எழ வேண்டும். அது முன்னால் போய்க் குதிகால் தரையைத் தொடும்போது அதில் எடையே இருக்கக் கூடாது. தொட்ட காலை, மனம் மாறினால், உடம்பு ஆடாமல் அப்படியே திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அடி நீளமாகப் போய்விட்டது, அல்லது எடை முந்திக்கொண்டது. அடியைக் குறையுங்கள். ஆடுகிற சிமெண்டுப் பலகைமேல் கால் வைத்த நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவதும் இதே திறமைதான்: கால் பலகையைத் தொடும், பலகை ஆடும், எடை இன்னும் பின்காலில் இருக்கும்.

தாய் சியின் ஒரு பிரிவான யாங் வழியின் பெரிய ஆசிரியர் யாங் செங்ஃபு (1883–1936) சொல்ல, அவருடைய மாணவர் எழுதிவைத்த பத்து விதிகள் உண்டு. அதில் நாலாவது, எடை இருக்கும் கால் எது, இல்லாத கால் எது என்று பிரித்து அறிவது. இரண்டு காலிலும் பாதி பாதி எடையை வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைப்பது பெரிய குறை என்று பழைய ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். அடி முடிந்த நிலையில் முன்காலில் 70 சதவீதம், பின்காலில் 30 சதவீதம் எடை என்று சயா, அதாவது சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர், சொல்லியிருப்பார். அது சரி. ஆனால் அது நின்றபின் உள்ள கணக்கு. அடுத்த கால் கிளம்புகிற நேரத்தில் நிற்கிற கால் முழுதையும் வாங்கியிருக்க வேண்டும்.

ஏன் வாங்கவிடுவதில்லை என்றால், பயம். ஒரே காலில் முழு எடையைக் கொடுக்க உடம்பு அஞ்சும், வயதானவர்களுக்கு நியாயமாகவே அஞ்சும். அதனால் சுவர் ஓரமாகவோ, கனமான நாற்காலியின் முதுகில் இரண்டு விரலை வைத்தோ பழகுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதையும் பிடிக்காமல் அரைகுறையாக எடை மாற்றுவதைவிட, பிடித்துக்கொண்டு முழுதாக மாற்றுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைப்பது. கைலி கட்டியே வளர்ந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். கைலிக்குள் கால் அகலமாகப் போகாது, இடமும் வலமும் நெருங்கியே விழும். அந்தப் பழக்கம் கால்சட்டை போட்டாலும் போவதில்லை. முன்னால் பாயும் நிலையில் இரண்டு குதிகாலுக்கும் நடுவே, பக்கவாட்டில், ஏறக்குறைய தோள் அகலம் இடம் விட வேண்டும். அதை ஒட்டிவிட்டால் பக்கவாட்டில் தள்ளாட்டம் வரும், அதைச் சமாளிக்க இடுப்பைக் கோணலாக வைப்பீர்கள், கடைசியில் முதுகு வலி என்று வந்து நிற்பீர்கள். பழகும்போது தளர்வான கால்சட்டை போடுங்கள். கைலியின் முடிச்சு அவிழாமல் இருக்க வயிற்றை இறுக்கிப் பிடிப்பதும் அதோடு போகும்.

முட்டி

தாய் சியால் முட்டி கெட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. பழகிய விதத்தில்தான் கோளாறு இருக்கும். முட்டி கதவுக் கீல் போல மடங்கி நீளும் மூட்டு. முறுக்கினால் பெரிதாகத் தாங்காது. உடம்பு திரும்பும் வேலையை இடுப்பு மூட்டு செய்ய வேண்டும். முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போது, பாதம் தரையில் ஒட்டியபடி உடம்பை மட்டும் திருப்பினால், அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குள் இறங்கும். எடையைப் பின்காலுக்கு எடுத்துவிட்டு, முன்காலைக் குதிகாலில் திருப்பி, அப்புறம் எடையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். வீடியோவில் இது ஒரே அசைவு மாதிரித் தெரியும். நிஜத்தில் மூன்று அசைவு.

முட்டி உள்பக்கம் சாயவும் விடாதீர்கள். அது இரண்டாவது கால்விரல் காட்டும் திசையிலேயே மடங்கட்டும், விரல் நுனியைத் தாண்டிப் போக வேண்டாம். பெருவிரல் அடிப்பகுதி, சுண்டுவிரல் அடிப்பகுதி, குதிகால் மூன்றும் தரையில் படிந்திருந்தால் முட்டி பெரும்பாலும் தானாக நேராகும். பாதத்தின் உள்வளைவு சரிந்தால் முட்டியும் சரியும்.

அப்புறம் தாழ்ந்து உட்காருகிற ஆசை. சுவரொட்டியில் இளம் வீரர்கள் தொடை தரைக்குச் சமமாக நிற்பதைப் பார்த்து அறுபது வயதில் முயற்சி செய்வது தேவையே இல்லை. தேத்தண்ணிக் கடையின் குட்டி ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழுவதற்கே சிரமப்படுகிறவர் முட்டியை லேசாகத் தளர்த்தி, உயரமாக நின்று பழகினால் போதும். எடை மாற்றம் முழுதாக இருந்தால் உயர்ந்த நிலையிலும் தொடை நன்றாக வேலை செய்யும். தசை எரிவது பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினால் நிறுத்துங்கள்.

நிமிர்ந்து நிற்பது

"நிமிர்ந்து நில்" என்றால் நம்மில் பலர் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னால் இழுத்து, முட்டியைப் பூட்டிக்கொள்வார்கள். எடை குதிகாலுக்கு ஓடிவிடும்; யாராவது லேசாகத் தொட்டாலே பின்னால் சாய்வார்கள். அதைத் திருத்தப் போய் இன்னொரு பக்கம் தவறுகிறவர்களும் உண்டு. நெஞ்சைத் தளர்த்தச் சொன்னார்கள் என்று முதுகைக் கூனாக்கிவிடுவார்கள். நெஞ்சைத் தளர்த்துவது மார்பெலும்பை ஒரு நூலளவு இறங்கவிடுவது மட்டும்தான், உச்சந்தலை மேலேதான் இருக்க வேண்டும். யாங் செங்ஃபுவின் முதல் விதி உச்சந்தலையைப் பற்றியது, நெஞ்சு இரண்டாவதாகத்தான் வருகிறது. அந்த வரிசையிலேயே செய்து பாருங்கள்: முதலில் தலை மேலே எழட்டும், தாடை சற்று உள்ளே வரட்டும், அப்புறம் நெஞ்சை விடுங்கள். கூன் விழாது.

வால் எலும்பை உள்ளே சுருட்டிக்கொள்வது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. கீழ்முதுகின் வளைவு முழுவதும் தட்டையாகும்வரை சிலர் இடுப்பைத் தள்ளுகிறார்கள். பின்பக்கத் தசை கல்லாகிவிடும், இடுப்பு மூட்டு பூட்டிக்கொள்ளும். உடம்பு திரும்ப முட்டியைத் தவிர வழி இருக்காது. உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காரப் போவதுபோல் இடுப்பை இறக்கினால் வால் எலும்பு தானாகக் கீழே பார்க்கும். அதற்குமேல் தள்ள வேண்டாம்.

பார்வை தரையில் போவதையும் கவனியுங்கள். தலை நாலைந்து கிலோ எடை. அது முன்னால் தொங்கினால் கழுத்தும் மேல்முதுகும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலைப் பார்க்காமல் கால் எங்கே இருக்கிறது என்று உணருவதுதான் இங்கே படிக்கிற பாடம். தரை சமமாக உள்ள இடத்தைத் தேர்ந்துகொண்டு பார்வையை எதிரே விடுங்கள்.

சிகோங்கில்

மூச்சையும் மெதுவான அசைவையும் சேர்த்துச் செய்கிற சீனப் பயிற்சிதான் சிகோங். அது எளிது என்று நினைப்பார்கள், அதனாலேயே கவனம் குறையும். மூச்சைக் கட்டாயப்படுத்துவது முதல் தவறு. வயிற்றை வலிந்து உப்பவைத்து, மூச்சை அடக்கி, அசைவோடு எப்படியாவது பொருத்தப் பார்த்தால் தலை சுற்றும், தோள் காதுவரை ஏறும். ஆரம்பத்தில் மூச்சை அதன் போக்கில் விடுங்கள். அசைவு சீரானால் மூச்சு தானாக நீளும்.

அசையாமல் நிற்கும் பயிற்சியில் கண்ணை மூடிக்கொள்வது இன்னொன்று. கண் என்கிற துணை போனதும் உடம்பு ஆடத் தொடங்கும். சிலர் அந்த ஆட்டத்தைச் சக்தி ஓடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் தள்ளாட்டம். கண்ணைப் பாதி திறந்து வையுங்கள். நிற்கும் நேரத்தையும் இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். முட்டியைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றால் மயக்கம் வரலாம்.

பலரும் பழகுவது பதுவான்ஜின் என்கிற எட்டுப் பகுதிப் பயிற்சி. அதில் பின்னால் திரும்பிப் பார்க்கும் பகுதியில் கழுத்தை வெடுக்கென்று திருப்பக் கூடாது. குனிந்து பாதத்தைப் பிடிக்கும் பகுதியில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முட்டிவரை குனிந்தால் போதும், எழும்போது தலை கடைசியாக மெதுவாக வரட்டும். கடைசிப் பகுதியில் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள், முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள் தரையில் இடிக்காமல் மெல்ல இறக்குங்கள்.

எவ்வளவு, எங்கே

ஆய்வில் எட்டே அசைவுகள் என்றேன் அல்லவா? நம் ஆட்கள் பலர் 1956-இல் சீன அரசு விளையாட்டுக் குழு வகுத்த 24 அசைவுத் தொகுப்பை எடுத்து, அதை முடிப்பதே குறி என்று ஓடுகிறார்கள். சமநிலைக்கு அது தேவையில்லை. வெறும் தாய் சி நடையையே, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தினமும் பத்து நிமிடம் நடந்தால் 24 அசைவை அரைகுறையாக ஓட்டுவதைவிடப் பலன் உண்டு. முன்னால் நடப்பது வந்தபின் பின்னால் நடங்கள், பக்கவாட்டிலும் போங்கள். வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் முதுகைக் காட்டி ஆடுகிற பதிவைத் தேடுங்கள். முகம் காட்டி ஆடினால் இடதும் வலதும் மாறிப்போகும்.

வெல்வெட் செருப்போ ரப்பர் செருப்போ போட்டுப் பழக வேண்டாம். விரலால் செருப்பைப் பிடித்தபடி உள்ளங்கால் தளராது. மெல்லிய, தட்டையான அடியுள்ள ஷூ நல்லது. வீட்டுக்குள் வெறும் காலும் சரிதான், ஈர டைல்ஸில் மட்டும் வேண்டாம். ஏப்ரல் வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்தபோது தொடங்காதீர்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறும் காலோடு பழகக் கூடாது. முடித்ததும் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்த்து, புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுகிறவர்கள், ஆறு மாதத்துக்குள் காரணம் தெரியாமல் விழுந்தவர்கள், ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்ததாக உணருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சயாவிடமும் சொல்லிவையுங்கள்.