சீமாட்டி ஓவியங்களைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

சட்டத்துக்குள் தெரிவதே முழு ஓவியம் என்று நம்பிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஓவியர் ரூபன்ஸ் 1606இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் தீட்டிய பிரிஜிடா ஸ்பினோலா டோரியாவைப் பாருங்கள். வெள்ளை சாட்டின் உடுத்திய 22 வயதுச் சீமாட்டி. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இன்று இருக்கும் ஓவியத்தில் அவர் உருவம் முழங்கால் அளவில் நின்றுவிடுகிறது. பின்னணியும் நெருக்கமாக இருக்கிறது. ஓவியர் அப்படித்தான் அமைத்தார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நியூயார்க் மார்கன் நூலகத்தில் ரூபன்ஸின் முன்வரைவு ஒன்று இருக்கிறது. அதில் அந்தச் சீமாட்டி மாளிகை மேல்தளத்தில் தலை முதல் கால் வரை தெரிகிறார். 19ஆம் நூற்றாண்டில் ஓவியத்தின் கித்தான் துணியை வெட்டிச் சிறிதாக்கிவிட்டார்கள். அந்தத் தரையும் உடையின் அடிவிளிம்பும் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆகவே ஓர் ஓவியத்தின் அமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும்முன் அது வெட்டப்பட்டதா என்று விசாரித்துவிடுங்கள்.

கருப்பு உடையைக் கண்டதும் விதவை என்று முடிவுகட்டுவது இன்னொன்று. அக்கால ஸ்பெயின் அரசவையில் கருப்புதான் பெருமிதத்தின் நிறம். அதனோடு நெருங்கிய உறவு வைத்திருந்த ஜெனோவாவிலும் அப்படியே. மங்காத அடர்கருப்பில் துணி தோய்க்க நிறையச் செலவாகும். துக்கம் உண்டா என்பதை ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புதான் சொல்லும். ஸ்பெயின் இளவரசி இசபெல்லா கிளாரா யூஜீனியாவின் துறவு உடை அப்படித் துக்கத்தைச் சொல்வது. கணவர் ஆல்பர்ட் 1621இல் இறந்தபின் அணிந்தது. அதை வைத்து அவரை மடத்துக்குள் ஒதுங்கியவர் என்று எழுதிவிடாதீர்கள். 1633இல் சாகும்வரை தென் நெதர்லாந்தை (பெரும்பாலும் இன்றைய பெல்ஜியம்) ஆண்டவர் அவர்.

நிறத்தையும் அப்படியே நம்பக் கூடாது. ஸ்மால்ட் என்ற நீலம் எண்ணெயில் காலப்போக்கில் சாம்பல் பூக்கும். பழைய வார்னிஷ் வெள்ளையை மஞ்சளாக்கும்.

கடைசியாக, சீமாட்டியை மட்டும் பார்ப்பது. ஓவியர் வான் டைக் 1623இல் தீட்டிய, எலேனா கிரிமால்டி என்ற சீமாட்டியின் ஓவியம் ஏறக்குறைய 2.4 மீட்டர் உயரம். கைப்பேசித் திரையில் அவர் முகமும் சிவப்புக் குடையும்தான் கண்ணில் படும். குடையைப் பிடித்திருக்கும் கருநிறப் பணியாளரைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். எலேனா நம்மை நேராகப் பார்க்கிறார். பணியாளரோ எலேனாவைப் பார்த்தபடி நிற்கிறார். ஓவியத்தின் தலைப்பில் அந்தப் பணியாளரின் பெயர் இல்லை.